28 டாலர் வீடும் ஓர் இரவுச் சிறையும்



அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு மேற்கே கான்கார்டு என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரை அடுத்த காட்டுக்குள் வால்டன் என்ற ஏரி. 1845ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், 27 வயது இளைஞர் ஒருவர் கோடரி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு அந்த ஏரிக்கரைக்குப் போனார். பைன் மரங்களை வெட்டிச் செதுக்கித் தூணும் உத்தரமும் செய்தார். ரயில்பாதை வேலைக்கு வந்திருந்த அயர்லாந்துக்காரர் ஒருவரின் குடிசையை நாலேகால் டாலருக்கு வாங்கிப் பிரித்து, பலகைகளை வெயிலில் பரப்பிக் காயவைத்தார். ஜூலை 4ஆம் தேதி, 15 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட ஒற்றை அறை வீட்டில் குடியேறினார். அவர்தான் ஹென்றி டேவிட் தோரோ. ஹார்வர்டில் படித்துப் பட்டம் பெற்றவர். வீடு எழும்பிய நிலம் அவருடைய நண்பரும் சிந்தனையாளருமான எமர்சனுக்குச் சொந்தமானது.

உலகத்தை வெறுத்துக் காட்டுக்கு ஓடிய துறவி என்று தோரோவைப் பலர் எண்ணுகிறார்கள். அப்படி அல்ல. ஊர் நடந்துபோகும் தூரத்தில்தான் இருந்தது. அடிக்கடி போய் நாலு பேரிடம் பேசிவிட்டு வருவார். பெற்றோர் வீட்டில் சாப்பிடுவார். அவரைப் பார்க்க நண்பர்களும் வழிப்போக்கர்களும் வந்தபடியே இருந்தார்கள். மனிதர்களை அவர் விலக்கவில்லை. ஒரு மனிதன் உயிர்வாழ உண்மையில் எவ்வளவு தேவை என்று கணக்குப் பார்க்கத்தான் அங்கே போனார்.

கணக்கு என்றால் உண்மையாகவே வரவு செலவுக் கணக்கு. தாம் எழுதிய 'வால்டன்' நூலில் அதை வரிவரியாகப் போட்டிருக்கிறார். பழைய செங்கல் ஆயிரத்துக்கு 4 டாலர். கண்ணாடியோடு இரண்டு பழைய ஜன்னல்களுக்கு 2 டாலர் 43 சென்ட். ஆணிக்கு 3 டாலர் 90 சென்ட். கதவுத் தாழ்ப்பாளுக்கு 10 சென்ட். சாக்கட்டிக்கு ஒரு சென்ட். ஆக மொத்தம் வீட்டுக்கு ஆன செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். அந்தக் காலத்தில் ஹார்வர்டு மாணவர் தம் அறைக்கு ஆண்டு வாடகையாகவே 30 டாலர் கட்டினார் என்று தோரோ எழுதுகிறார். ஆண்டுக்கு ஆறு வாரம் போல உழைத்தால் தம் செலவு முழுவதும் அடங்கிவிடும் என்பது அவர் கண்ட முடிவு. நில அளவை, தச்சு, கூலி வேலை என்று கிடைத்ததைச் செய்தார். மிச்ச நாள் எல்லாம் அவருடையது.

இதே கணக்கை அவர் ரயிலுக்கும் போட்டார். கான்கார்டுக்கு ரயில் வந்தது 1844இல். வால்டன் ஏரியை ஒட்டியே தண்டவாளம் போனது. முப்பது மைல் தொலைவிலுள்ள ஃபிட்ச்பர்க் ஊருக்குக் கட்டணம் 90 சென்ட். அது ஏறக்குறைய ஒரு நாள் கூலி. இப்போதே நடக்கத் தொடங்கினால் இரவுக்குள் அங்கே போய்ச் சேரலாம். ரயிலில் போகிறவரோ முதலில் அந்த 90 சென்ட்டைச் சம்பாதிக்க வேண்டும். வேலை உடனே கிடைத்தால் இன்றிரவு. இல்லாவிட்டால் நாளைக்குத்தான் அவரால் போய்ச் சேர முடியும். ஒரு பொருளுக்குக் கொடுக்கும் விலை ஆயுளின் ஒரு பகுதி என்பதுதான் இந்தக் கணக்கின் சாரம். இன்று நாம் மாதத் தவணையில் வாங்கும் வண்டிக்கும் கைப்பேசிக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். அறுபது மாதத் தவணை என்று கையெழுத்துப் போடும்போது, ஐந்து வருஷத்து உழைப்பில் ஒரு பங்கை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

மிச்சப்பட்ட நாள்களைத் தோரோ என்ன செய்தார்? கண் திறந்து பார்த்தார். வால்டன் ஏரிக்கு அடியே கிடையாது என்று ஊரார் நம்பிவந்தார்கள். யாரும் அளந்து பார்த்ததில்லை. 1846ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஏரி உறைந்து கிடந்தபோது, பனிக்கட்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட துளைகள் போட்டு, மீன்பிடிக் கயிற்றில் ஒன்றரைப் பவுண்டு எடையுள்ள கல்லைக் கட்டி இறக்கினார். மிக ஆழமான இடம் 102 அடி. அத்தனை காலத்துக் கதைக்கு ஒரு கயிறும் ஒரு கல்லும் விடை சொல்லிவிட்டன.

அடுத்த குளிர்காலத்தில் அதே ஏரிக்குப் பனிக்கட்டி வெட்ட நூறு ஆள்கள் வந்தார்கள். அந்த நாளில் அமெரிக்கப் பனிக்கட்டி கப்பலேறி நம் சென்னைக்கும் வந்தது. அதைச் சேமித்துவைக்கக் கட்டியதுதான் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ். இன்றைய விவேகானந்தர் இல்லம். காலையில் பகவத் கீதை படித்துக்கொண்டிருந்த தோரோ, சென்னையிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் தம் ஏரித் தண்ணீரைக் குடிக்கப்போகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தார். வியாபாரிக்குச் சரக்காக இருந்த ஏரி, பார்க்க நேரம் இருந்தவருக்குப் பாடமாக இருந்தது.

ஏரிக்கரையை விட்டு வந்த பின்னும் அவர் பார்ப்பதை விடவில்லை. 1850களில் எந்தச் செடி என்றைக்கு முதல் பூ பூத்தது என்று ஆண்டுதோறும் குறித்துவைத்தார். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் குறிப்புகளை இன்றைய நிலையோடு ஒப்பிட்டு, கான்கார்டில் பல செடிகள் அன்றைவிட முன்னதாகவே பூக்கின்றன என்று காட்டியிருக்கிறார்கள். புவி சூடாவதற்கு, சொந்த ஆர்வத்தால் ஒருவர் எழுதிய குறிப்பு சாட்சியாக நிற்கிறது.

நேயர்களே, எளிய வாழ்வு அவருக்குக் கொடுத்ததில் மிகப் பெரியது இனிமேல் சொல்லப்போவதுதான்.

1846 ஜூலையில், தைக்கக் கொடுத்த செருப்பை வாங்க ஊருக்குள் போன தோரோவைக் காவல் அதிகாரி பிடித்துச் சிறையில் வைத்தார். தோரோ சில ஆண்டுகளாகத் தலைவரி கட்டவில்லை. மனிதரை அடிமையாக விற்க இடம்கொடுக்கும் அரசுக்கு, மெக்சிகோமீது படையெடுத்த அரசுக்கு என் காசு போகாது என்பது அவர் நிலை. யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் விடுதலையானார். நேரே போய்ச் செருப்பை வாங்கிக்கொண்டு, காட்டுப்பழம் பறிக்கக் கிளம்பினார்.

அந்த ஓர் இரவிலிருந்து பிறந்த கட்டுரை 1849இல் அச்சானது. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் அதைப் படித்து, 1907இல் தம் 'இந்தியன் ஒபீனியன்' இதழில் அதன் சாரத்தை வெளியிட்டார். அவருடைய போராட்டம் அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டது. தோரோவின் கட்டுரை அதற்கு வலுச் சேர்த்தது. பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கும் மாணவராக இருந்தபோது அதைப் படித்தார்.

தோரோவுக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? பறிமுதல் செய்ய அவரிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. சொத்தும் பதவியும் சேரச் சேர, அவற்றைக் காக்க அரசிடம் பணிய வேண்டியிருக்கிறது. தேவை குறைந்தவருக்கு அந்தப் பயம் இல்லை. 1851இல் தப்பிவந்த அடிமை ஒருவரைக் கனடாவுக்கு ரயிலேற்றி அனுப்பினார். அடைக்கலம் கொடுப்பதே சட்டப்படி குற்றமாக இருந்த காலம் அது.

ஒன்றை மறக்கக் கூடாது. இல்லாதவரிடம் போய் எளிமையை உபதேசிப்பது கொடுமை. தோரோ தனிக்கட்டை, படித்தவர், இடம்கொடுக்க நண்பர் இருந்தார். பிள்ளைகுட்டியோடு வாடகை வீட்டில் இருப்பவர் அவரைப் போலக் காட்டுக்குப் போக முடியாது. போக வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாளில் அவரே ஏரிக்கரையை விட்டு வந்துவிட்டார். தம்மைப் பார்த்து நடக்காமல் அவரவர் வழியை அவரவர் தேடிக்கொள்ளச் சொன்னார்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். அடுத்து ஒரு பொருளை வாங்கும் முன், அது உங்கள் உழைப்பில் எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அத்தனை நாளைக் கொடுக்கலாம் என்று மனம் ஒப்பினால் வாங்குங்கள். ஒப்பாவிட்டால், அந்த நாள்களை உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும், மனசாட்சி சொல்லும் வேலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.