கடிகாரத்தோடு ஓடும் கணக்கு



சென்னையிலிருந்து செங்கற்பட்டுக்கு இரயிலில் செல்வோர் பரனூர் நிலையத்தை அறிவர். அதனை அடுத்துள்ள மகேந்திரா உலக நகரத்தில் ரெனோ, நிசான் என்னும் இரு மோட்டார் நிறுவனங்களின் பெயர் தாங்கிய பொறியியல் மையம் ஒன்று இருக்கிறது. இவற்றுள் நிசான் நிறுவனத்தார், ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் அமுக்க விகிதத்தை மாற்றிக்கொள்ளும் எஞ்சின் ஒன்றை 2018-ஆம் ஆண்டில் காரில் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அத்தகைய எஞ்சினைக் கணிப்பொறிக்குள் வெறும் கணக்காக ஓட்டிப் பார்ப்பது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அமுக்க விகிதம் என்பது யாது? சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் சென்று 500 கன சென்டிமீட்டர் இடத்தைக் கடப்பதாகக் கொள்வோம். அது உச்சியை அடைந்த பின்னும் மேலே சிறிது இடம் எஞ்சும். அவ்விடம் ஏறத்தாழ 71 கன சென்டிமீட்டராயின் விகிதம் 8. 38 ஆயின் 14. விகிதம் உயர உயர, எரிபொருளிலிருந்து பெறும் பயனும் உயரும். கல்லூரி மாணவர் அறிந்த ஆட்டோ சுழற்சியின்படி 8-க்கு 56 சதவிகிதம், 14-க்கு 65 சதவிகிதம். இவை ஏட்டுக் கணக்கு. உண்மை எஞ்சினில் கிடைப்பது இதனினும் குறைவே.

அங்ஙனமாயின் எப்போதும் 14-லேயே வைத்துக்கொள்ளலாகாதா? ஆகாது. மேட்டில் ஏறும்போது டர்போ விசிறி மிகுதியான காற்றைத் திணிக்கிறது. மிகவும் அமுக்கப்பட்ட கலவை சூடேறி, பொறியின் சுடர் வந்து சேருமுன் தானே வெடித்துவிடும். “எஞ்சின் தட்டுகிறது” என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். தட்டல் நீடித்தால் பிஸ்டனே ஓட்டையாகும். ஆதலின் எஞ்சின் செய்வோர் நெடுங்காலம் இடைப்பட்ட ஓர் எண்ணோடு அமைதியடைந்தனர்.

விகிதத்தை மாற்றும் எண்ணம் புதிதன்று. ஆங்கிலேயரான ஹாரி ரிக்கார்டோ சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அத்தகைய எஞ்சினைக் கட்டி எரிபொருள்களைச் சோதித்தார். பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை அளக்கும் எஞ்சினும் இவ்வகையினதே. ஆனால் அவை ஆய்வுக்கூடத்தில் நிலையாக நிற்பவை. சாப் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் கார் எஞ்சின் ஒன்றைக் காட்டியது. அது விற்பனைக்கு வரவில்லை. நிசான் எஞ்சினிலோ பிஸ்டன் தண்டு நேரே வளைதண்டைப் பற்றுவதில்லை. நடுவே ஒரு நெம்புகோல் இணைப்பு உண்டு. மின்மோட்டார் ஒன்று அதனைச் சாய்க்க, பிஸ்டன் எட்டும் உச்சி ஏறி இறங்குகிறது. 2024-இல் இந்தியாவில் இறக்குமதிக் காராக அறிமுகமான எக்ஸ்-டிரெயிலில் உள்ளதும் இவ்வகை எஞ்சினே. மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர்.

இனிக் கணக்குக்கு வருவோம். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சின், நொடிக்கு 50 முறை சுழல்கிறது. வளைதண்டு ஒரு பாகை திரும்பும் நேரம், நொடியைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் ஏறத்தாழ 56 பங்கு. சுடரின் ஒவ்வொரு சுழிப்பையும் கணிக்கப் புகுந்தால், ஒரே ஒரு சுற்றுக்குப் பல மணி நேரமாகும். வடிவமைப்போருக்கு அது தேவைதான். சோதிப்போருக்கு அது உதவாது. அவர்கள் செய்வது வேடிக்கையானது. காரின் மெய்யான கட்டுப்பாட்டுப் பெட்டியை மேசைமேல் வைத்து, எஞ்சினுக்குப் பதிலாகக் கணிப்பொறியோடு கம்பியால் இணைக்கிறார்கள். பெட்டிக்கு இது தெரியாது. எஞ்சினோடு உரையாடுவதாகவே அது கருதும். விடை சிறிது பிந்தினாலும், எஞ்சின் பழுதென்று முடிவு கட்டிவிடும்.

எனவே சிலவற்றை விட்டுவிட வேண்டும். சிலிண்டரிலுள்ள வாயு முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாகக் கொள்வர். எரிதலை ஒரு வளைகோட்டினால் குறிப்பர். மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சிற்பி கூரை வேய்ந்த குடிலின் உருவத்தைக் கல்லில் வைத்தான். ஓலையையும் கயிற்றையும் விட்டுவிட்டான். எதை விடலாம் என்று அறிவதே கடினம்; கூட்டல் பெருக்கலைக் கணிப்பொறி பார்த்துக்கொள்ளும்.

மாறு விகித எஞ்சினில் ஒரு தொல்லை கூடுகிறது. சாதாரண எஞ்சினில் சிலிண்டரின் கொள்ளளவு வளைதண்டின் கோணத்தை மட்டுமே சார்ந்தது; முன்னதாகவே அட்டவணை இட்டு வைக்கலாம். இங்கோ நெம்புகோலின் சாய்வும் சேர்கிறது. அச்சாய்வும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஓட்டுநர் திடீரென மிதியை அழுத்துகிறார் என்க. விகிதம் 14-லிருந்து 8-க்கு இறங்கப் பல சுற்றுகள் செல்லும். அதற்குள் காற்று மிகுந்துவிட்டால் தட்டல்தான். பெட்டி காற்றை நிறுத்துகிறதா, பொறியைத் தாமதிக்கிறதா? மின்மோட்டார் 14-லேயே சிக்கிக்கொண்டால் என் செய்யும்? மெய்யான எஞ்சினில் இதனைச் சோதித்தால் எஞ்சினை இழக்க நேரும். கணக்கு எஞ்சினையோ நூறு முறை கெடுத்துப் பார்க்கலாம்.

கல்பாக்கத்தில் வேக ஈனுலையை இயக்குவோர்க்குப் பயிற்சி தர, இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் கட்டுப்பாட்டறையின் நேர்ப்படியாக ஒரு சாதனம் செய்ததும் இக்காரணம் பற்றியே. அங்கும் கணக்கு கடிகாரத்தோடு ஓட வேண்டும்.

இதன் முதற்படியை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். அழுத்தத்தை, கொள்ளளவின் 1.4 மடிப்பெருக்கத்தால் பெருக்கினால் மாறாது என்னும் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் அடியில் உள்ளபோது அழுத்தம் ஒரு வளிமண்டலம் என வைத்துப் பத்துப் பத்துப் பாகையாகக் கணக்கிடுங்கள். எரிதலைச் சேர்க்க வேண்டா. உச்சியில் விகிதம் 8-க்கு 18 வளிமண்டலமும், 14-க்கு 40 வளிமண்டலமும் அண்ணளவாக வர வேண்டும்.