ஆளுக்கொரு விலை





பிறந்து சில மாதங்களேயான குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் காண்கிறது. தாய் கையடக்கத் தொலைபேசியை எடுத்துக் குழந்தைகளுக்கான வெப்பமானி ஒன்றைத் தேடுகிறாள். அவள் அண்மையில் தாயானவள் என்பதை விற்பனைத் தளம் முன்னரே அறிந்து வைத்திருக்கிறது. ஆகவே அவளுடைய திரையின் முதற்பக்கத்தில் விலை கூடிய வெப்பமானிகளே வந்து நிற்கின்றன. இதை நான் புனைந்த கதையென எண்ணிவிடாதீர்கள். ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆரம்பக்கட்ட ஆய்வில், இவ்வாறும் நடக்கக்கூடும் என எடுத்துக்காட்டிய உதாரணத்தையே சற்று விரித்துச் சொன்னேன்.

அவ்வாணைக்குழு 2024 ஜூலையில் எட்டு நிறுவனங்களிடம் விளக்கம் கோரியிருந்தது. விலை நிர்ணயிக்கும் கருவிகள் எவ்வெத் தகவல்களை உண்டு வளர்கின்றன என்பதே கேள்வி. நீங்கள் இருக்கும் இடம், முன்பு வாங்கிய பொருள்கள், கூடையில் இட்டுவிட்டு வாங்காமல் விட்டவை, ஏன், திரையின் மீது உங்கள் சுட்டி எங்கெங்கே ஊர்ந்தது என்பதுவரை பயன்படுத்தப்படக்கூடும் எனத் தெரியவந்தது. இத்தகவல்களைக் கொண்டு கணினி பின்பற்றும் கணக்கு விதிகளையே ‘அல்கொரிதம்’ என்கிறார்கள். பொருளின் பெறுமதியைக் கணக்கிடுவதோடு அது நின்றுவிடுவதில்லை. இந்த மனிதர் எவ்வளவு வரை தருவார் என்பதையும் அது கணக்கிடுகிறது.

“புறக்கோட்டையில் துணி வாங்கினாலும் ஆளுக்கொரு விலைதானே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முகத்தைப் பார்த்து விலை சொல்லும் முதலாளிமார் எந்த ஊரில்தான் இல்லை! ஆயினும் அங்கே நீங்களும் அவருடைய முகத்தைப் பார்க்கிறீர்கள். பக்கத்துக் கடையில் விசாரிக்கிறீர்கள். கட்டுப்படியாகாது என்று எழுந்து நடந்தால் பின்னாலிருந்து அழைப்பு வருகிறது. பேரம் இரு கண்ணுள்ள மனிதர்களுக்கிடையே நடக்கிறது. திரையிலோ ஒரு தரப்பு மற்றத் தரப்பின் பணப்பையை எண்ணிப் பார்த்துவிட்டு அமர்ந்திருக்கிறது. மறு தரப்புக்குப் பேரம் ஒன்று நடப்பதே தெரியாது.

இது நேற்று முளைத்த பழக்கமுமல்ல. 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில், அமேசன் தளத்தில் திரைப்பட டீவீடி ஒன்றுக்கு 26.24 டொலர் எனக் கண்ட ஒருவர், தம்மை அத்தளம் அடையாளம் காண உதவும் குறிப்புகளைத் தமது கணினியிலிருந்து அழித்துவிட்டு மீண்டும் பார்த்தார். விலை 22.74 டொலராகக் குறைந்திருந்தது. அறிமுகமில்லாதவருக்குக் குறைந்த விலை. வழமையான வாடிக்கையாளருக்குக் கூடிய விலை! எதிர்ப்பு எழுந்ததும், வாடிக்கையாளரின் விபரங்களைப் பார்த்து விலை வைக்கவில்லை, எழுந்தமானமாகச் செய்த பரிசோதனையே அது என்று நிறுவனம் விளக்கமளித்தது. 6,896 பேருக்குச் சராசரியாக 3.10 டொலர் வீதம் திருப்பியும் கொடுத்தது.

2012இல் ‘வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல்’ பத்திரிகை, ‘ஸ்டேப்பிள்ஸ்’ என்ற காகிதாதி விற்பனை நிறுவனத்தின் இணையத்தளத்தை ஆராய்ந்தது. ஒரே தாள் இணைப்பான் ஒருவருக்கு 15.79 டொலர், சில மைல்களுக்கு அப்பால் வசித்த இன்னொருவருக்கு 14.29 டொலர். போட்டிக் கடை அருகில் இருப்போருக்கு விலை குறைந்தது. அத்தகைய கடை தொலைவில் இருப்போருக்குக் கூடியது. விளைவு என்னவெனில், மலிவு விலை கிட்டிய பகுதிகளின் சராசரி வருமானம் மற்றவற்றைவிட உயர்ந்ததாக இருந்தது. ‘செல்வரிடம் கூட்டி வாங்கி ஏழைக்குக் குறைத்துக் கொடுக்கவே இம்முறை உதவும்’ என்று வாதிடுவோர் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஏழைக்கு இரங்கும்படி அந்தக் கணக்குக்கு எவரும் கற்பிக்கவில்லை. போக்கிடமற்றவன் யார் என்று தேடவே கற்பித்தார்கள்.

2015இல் ‘புரோபப்ளிக்கா’ என்ற செய்தி நிறுவனம் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலைக்குரியது. பரீட்சைக்குப் பயிற்றுவிக்கும் ‘பிரின்ஸ்டன் ரிவியூ’ நிறுவனத்தின் ஒரே இணையவழிப் பயிற்சி, வசிப்பிடத்தின் தபால் இலக்கத்தைப் பொறுத்து 6,600 டொலர் முதல் 8,400 டொலர் வரை வேறுபட்டது. ஆசிய வம்சாவளியினருக்குக் கூடிய விலை காட்டப்படும் வாய்ப்பு ஏனையோரைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. இடத்தைப் பார்த்தே விலை வைத்தோம், இனத்தைப் பார்த்தல்ல என்றது நிறுவனம். இருக்கலாம். ஆனால் மனிதர்கள் இனவாரியாகக் கூடி வாழும் ஊர்களில், இடத்தைப் பார்ப்பது யாரைப் பார்ப்பதாக முடியும்?

வணிகத்தில் இலாபத்தை மார்க்கம் வெறுக்கவில்லை. மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் வேண்டியும் நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. இந்தச் செய்தியை வைத்து, வியாபாரி விரும்பிய விலையைச் சொல்லலாம், சட்டம் தலையிடக் கூடாது என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். ஆனால் அதே நபியவர்கள்தாம், சந்தைக்கு வந்துகொண்டிருக்கும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே மறித்துச் சரக்கை வாங்குவதைத் தடை செய்தார்கள். சந்தை நிலவரம் அறியாதவனிடம் அவனுடைய அறியாமையையே மூலதனமாக்கி விலை பேசுவது அது. அவ்வாறு விற்றுவிட்டவன் சந்தைக்கு வந்து உண்மையை அறிந்தால், விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையும் அவனுக்கு வழங்கப்பட்டது. விலை நிர்ணயத்தில் அநியாயமானதும் உண்டு, நியாயமானதும் உண்டு என இமாம் இப்னு தைமிய்யா பிரித்துக் காட்டியதை இதனுடன் சேர்த்துப் பாருங்கள். சந்தை சுதந்திரமாக இருப்பதற்கு இரு தரப்பும் சந்தையில் நிற்க வேண்டும். வழிமறிக்கப்பட்டவன் இன்னும் சந்தைக்கே வந்து சேரவில்லை.

மற்றொன்றும் உண்டு. பிறரின் மறைவான விடயங்களைத் துருவி ஆராய்வதை ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. அண்டை வீட்டான் நம் வீட்டுச் சாளரத்தில் காது வைத்தால் நாம் சினம் கொள்கிறோம். விற்பனையாளன் காது வைத்தால், “நிபந்தனைகளை ஏற்கிறேன்” என்று அழுத்திவிடுகிறோம்!

சட்டங்கள் இதற்கு என்ன செய்துள்ளன? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல், தானியங்கிக் கணிப்பால் ஆளுக்கேற்ப விலை வைக்கப்பட்டிருப்பின் அதை நுகர்வோருக்கு அறிவித்தாக வேண்டும். நியூயோர்க் மாநிலத்தில் 2025 நவம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், தனிப்பட்ட தரவைக் கொண்டு அல்கொரிதம் இவ்விலையை நிர்ணயித்தது என விலையின் அருகிலேயே எழுதச் சொல்கிறது. மீறலொன்றுக்கு 1,000 டொலர் வரை தண்டப்பணம். சில்லறை வர்த்தகர் சம்மேளனம் தொடுத்த வழக்கு அதற்கு முன்னரே, ஒக்டோபரில், தள்ளுபடியானது. நல்ல முயற்சிகள்தாம். ஆயினும் ‘உன்னைப் பார்த்தே இவ்விலை வைத்தேன்’ என்று எழுதி ஒட்டிவிட்டால் அநீதி நீதியாகிவிடுமா? குழந்தை அழுதுகொண்டிருக்கையில் அந்தத் தாய் அறிவிப்பைப் படித்துவிட்டு எங்கே செல்வாள்?

சீனா ஒரு படி மேலே சென்றது. 2021 நவம்பர் 1 முதல் அமுலிலுள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 24ஆம் உறுப்புரை, தானியங்கித் தீர்மானத்தால் விலையில் நியாயமற்ற பாகுபாடு காட்டுவதையே தடை செய்கிறது. பழகிய வாடிக்கையாளனையே பெருந்தரவால் அறுப்பது என்ற கருத்தில் அந்நாட்டு மக்கள் இப்பழக்கத்துக்கு ஒரு பெயரும் சூட்டியிருக்கிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸில் 2025 ஜூலையில் கிரெக் கசாரும் ரஷீதா தலீபும் தடைக்கான சட்டமூலம் ஒன்றை முன்வைத்தனர். மாணவருக்கும் முதியோருக்கும் வழங்கும் கழிவு இதனால் அற்றுப்போகும் என்ற அச்சம் அவசியமற்றது. எல்லாரும் அறிய அறிவித்து, தகுதியுள்ள எவரும் கேட்டுப் பெறும் கழிவு வேறு. ஒருவரும் அறியாமல் உளவு பார்த்து ஏற்றும் விலை வேறு. முன்னதை விட்டுவைத்துப் பின்னதை மாத்திரம் தடுக்கச் சட்டம் எழுத முடியும்.

நமது நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முற்றிலும் தானியங்கி முறையில் எடுக்கப்பட்ட தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமையைப் பேசுகிறது. பிரதான பகுதிகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டு, 2025இல் அது திருத்தவும்பட்டது. விலையைப் பற்றி அதில் நேரடித் தடையில்லை. மறுபுறம், 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரி தன் கடையில் எல்லாரும் காணும்படி விலைப்பட்டியலைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்கிறது. ஒரே பட்டியல், எல்லாக் கண்களுக்கும். கைத்தொலைபேசிக்குள் இருக்கும் கடைக்கும் அதே கடப்பாட்டை விதிக்குமாறு நாம் கேட்க வேண்டும்.

அதுவரை, அடுத்த முறை இணையத்தில் ஏதேனும் வாங்கும்போது உங்கள் தொலைபேசியிலும் வீட்டிலுள்ள இன்னொருவரின் தொலைபேசியிலும் அதே பொருளை, அதே நேரத்தில் தேடிப் பாருங்கள். இரு விலைகள் தென்பட்டால் இரண்டு திரைகளையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளரிடம் காரணம் கேட்டு எழுதுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.