ஏற்றத்தில் கழலும் இன்டர்கூலர் குழாய்: கொழுந்து லொறிகளுக்கு வேண்டிய கவனம்

(மஸ்கெலியாப் பகுதிக் கமக்காரர்களுக்கும் லொறிச் சாரதிகளுக்கும் விவசாய போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



உரமிடுதல், கவ்வாத்து, நோய்த்தடுப்பு ஆகியவற்றைப் பற்றியே விவசாய போதனாசிரியர்கள் பேசுவது வழக்கம். இன்று நான் லொறியிலுள்ள ஒரு சாண் நீள றப்பர்க் குழாயைப் பற்றிப் பேச வந்துள்ளேன். விவசாயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என நீங்கள் கேட்கலாம். தொடர்பு மிகப் பெரிது.

பறித்த கொழுந்து உயிருள்ள பொருள். கூடையில் விழுந்த பின்னரும் அது மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கின்றது. மூச்சுவிடும்போது வெப்பத்தை வெளியிடுகின்றது. காற்றோட்டமின்றி நெருக்கிக் கட்டிய பையில் அவ்வெப்பம் வெளியேற வழியில்லை. கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த கொழுந்தை எந்தத் தேயிலை தயாரிப்பாளராலும் மீண்டும் பச்சையாக்க இயலாது. சுமார் நாலரைக் கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். ஆகவே 1,500 கிலோ கொழுந்தை ஏற்றிய லொறி மடுவத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையே நின்றுவிட்டால், சுமார் 330 கிலோ தேயிலையின் தரம் தெருவில் நிற்கின்றது என்பதே பொருள். பல குடும்பங்களின் ஒரு நாள் உழைப்பு அதில் அடங்கியுள்ளது. லீக்ஸ், கோவா, போஞ்சி ஏற்றிச் செல்லும் மரக்கறி லொறிக்கும் இது பொருந்தும்.

லொறி நிற்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஏற்றத்தில் மட்டும் நேர்வதும், சிறிது கவனத்தால் முற்றாகத் தடுக்கக்கூடியதும் ஆகிய ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். "டப்" என்றொரு சத்தம்; பின்னால் கரும்புகை; இழுவை போய்விட்டது. இன்டர்கூலர் குழாய் கழன்றுவிட்டது.

டேர்போவும் இன்டர்கூலரும்

டீசல் எரிவதற்கு வளி வேண்டும். வளி கூடினால் கூடிய டீசலை எரித்துக் கூடிய வலுவைப் பெறலாம். வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரத்தால் வளியை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துவதே டேர்போ எனப்படும் கருவி. சுவிற்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி என்பவர் 1905ஆம் ஆண்டு இதற்கான காப்புரிமையைப் பெற்றார்.

மலைநாட்டில் இதன் பயன் பெரிது. கடல் மட்டத்தில் வளியின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல். சுமார் 1,200 மீற்றர் உயரத்தில் அது 12.7 இறாத்தல் அளவுக்குக் குறைந்துவிடும். அதாவது நூற்றுக்குச் சுமார் 13 பங்கு வளி குறைவு. டேர்போ இல்லாத எஞ்சின் மலையில் களைப்பதற்கு இதுவே காரணம். டேர்போ இக்குறையை ஈடுசெய்கின்றது.

எனினும் அமுக்கிய வளி சூடேறும். சைக்கிள் பம்பால் காற்றடித்தவர்கள் பம்பின் அடிப்பாகம் சுடுவதை அறிவர். டேர்போவிலிருந்து வெளிவரும் வளி பாரம் ஏறிய வேளையில் 100 பாகை செல்சியசையும் தாண்டக்கூடும். சூடான வளி விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே அதனை ரேடியேற்றர் போன்றதொரு தகட்டுப் பெட்டியினூடாகச் செலுத்திக் குளிரச் செய்கின்றனர். அதுவே இன்டர்கூலர். டேர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு ஒரு குழாய் வழி. இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்கு மற்றொரு குழாய் வழி. எஞ்சின் அசைவது, இன்டர்கூலர் சட்டத்தில் அசையாது நிற்பது. அசைவதையும் அசையாததையும் இணைப்பதற்கே நெகிழக்கூடிய றப்பர் இணைப்புகளை இட்டுக் கிளிப்பால் இறுக்கியுள்ளனர்.

குழாயைத் தள்ளும் விசை

அவ்விணைப்பின்மீது எவ்வளவு விசை தாக்குகின்றது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். குழாயின் விட்டம் 60 மில்லிமீற்றர் என வைத்துக்கொள்க. அதன் வாயின் பரப்பு சுமார் 28 சதுர சென்ரிமீற்றர். டேர்போ தரும் அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 1.5 கிலோ, அதாவது சுமார் 21 இறாத்தல், என்றால் மொத்த விசை 42 கிலோ. ஓர் உரமூடையின் பாரத்துக்குச் சற்றே குறைவு. குழாயின் விட்டம் 75 மில்லிமீற்றராயின் விசை 66 கிலோவாகும். இது ஓர் உரமூடையிலும் அதிகம். குழாய் வளையும் இடங்களில் இவ்விசை வளைவை நிமிர்த்தப் பார்க்கின்றது. நிமிரும் குழாய் இணைப்பிலிருந்து நழுவப் பார்க்கின்றது.

சமதரையில் மெதுவாகச் செல்லும்போது டேர்போவின் அமுக்கம் மிகக் குறைவு. முழுப் பாரத்துடன் ஏற்றம் ஏறும்போதே அது உச்சத்தை அடைகின்றது. நல்லதண்ணியிலிருந்தோ சாமிமலையிலிருந்தோ மஸ்கெலியாவுக்கு வரும் வழியிலும், நோர்வூட் வழியாக ஹட்டனுக்குச் செல்லும் வழியிலும், கினிகத்தேனை ஏற்றத்திலும் வளைவுக்கு வளைவு கியர் மாற்ற வேண்டியிருப்பதால் அமுக்கம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். எஞ்சினும் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் சாய்ந்து நிமிரும். அமுக்கமும் அசைவும் ஒருங்கே தாக்குவதால்தான் குழாய் மலையில் கழலுகின்றது.

கழலுவதற்கான காரணங்கள்

குழாய் கழன்றதும் நம்மவர் முதலிற் செய்வது கிளிப்பை இன்னும் ஒரு முறுக்கு முறுக்குவதே. அது மருந்தன்று. காய்ச்சல் வந்தவனுக்குப் போர்வையை இறுக்கிப் போர்த்துவது போன்றது. கிளிப் மட்டும் குழாயைப் பிடித்து வைப்பதில்லை. சுத்தமாகவும் உலர்ந்தும் உள்ள றப்பர் குழாயைப் பற்றுகின்றது. குழாயின் முனையிலுள்ள மேட்டு வளையம் அதனைத் தடுக்கின்றது. கிளிப் இவ்விரண்டுக்கும் துணை செய்கின்றது. ஆகவே பின்வரும் காரணங்களை முதலில் ஆராய்தல் வேண்டும்.

1. எண்ணெய்ப் படலம். எஞ்சினின் மூச்சுக்குழாயிலிருந்து வரும் எண்ணெய் ஆவி வளியுடன் கலந்து குழாய்களின் உட்புறத்தில் படியும். சிறிதளவு படிதல் இயல்பு. அது றப்பருக்கும் உலோகத்துக்கும் இடையே புகுந்தால் இணைப்பு வழுக்கும். எண்ணெய் மிகுந்து தேங்குமாயின் வளிவடிகட்டி அடைபட்டுள்ளதா, மூச்சுக்குழாய் அடைபட்டுள்ளதா, எஞ்சின் எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டுள்ளதா, டேர்போவின் அடைப்பான்கள் தேய்ந்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

2. மேட்டு வளையம் இல்லாமை. உலோகக் குழாயின் முனையைச் சுற்றி மோதிரம்போல் எழும்பிய வளையம் இருத்தல் வேண்டும். உடைந்த குழாய்க்குப் பதிலாகக் கராஜில் வெட்டிப் பொருத்தும் வெற்றுக்குழாயில் பெரும்பாலும் இது இருப்பதில்லை.

3. பழுதடைந்த றப்பர். எண்ணெயில் ஊறிய றப்பர் உப்பி மென்மையாகும். சிலிக்கோன் வெப்பத்தை நன்கு தாங்கும். ஆனால் சாதாரண சிலிக்கோன் எண்ணெயைத் தாங்காது. எண்ணெய் படும் இடத்துக்கு உட்புறத்தில் புளோரோசிலிக்கோன் பூச்சுடையது ஏற்றது.

4. பொருந்தாத கிளிப். சாதாரண திருகாணிக் கிளிப்பின் பட்டியில் வெட்டுத் துவாரங்கள் உண்டு. இறுக்கும்போது மென்மையான சிலிக்கோன் அத்துவாரங்களுக்குள் பிதுங்கி அறுபடும். எவ்வளவு கூட இறுக்குகின்றோமோ அவ்வளவு விரைவில் அறுபடும்.

5. எஞ்சினைத் தாங்கும் றப்பர்கள் தேய்தல். எஞ்சின் அளவுக்கு மிஞ்சி ஆடினால் எந்த இணைப்பும் நிலைக்காது.

6. நேராக அமையாத குழாய்கள். இரு குழாய்களும் ஒன்றையொன்று நேராக நோக்காமல் இருக்க, றப்பரை இழுத்து வளைத்து மாட்டினால் அது எப்பொழுதும் திரும்பிச் செல்லவே முயலும்.

7. அமுக்கம் மிகுதல். இழுவையைக் கூட்டுவதாகச் சொல்லி டேர்போவின் அமுக்கக் கட்டுப்பாட்டைச் சிலர் மாற்றுகின்றனர். முற்கூறிய 60 மில்லிமீற்றர் குழாயில் அமுக்கத்தை 1.5 கிலோவிலிருந்து 2 கிலோவாக்கினால் தள்ளும் விசை 42 கிலோவிலிருந்து 56 கிலோவாகும். குழாய் தப்பினாலும் எஞ்சின் தப்பாது.

பொருத்தும் முறை

லொறியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். எஞ்சின் நன்கு ஆறும்வரை காத்திருத்தல் அவசியம். டேர்போவின் உடல் கையைத் தீய்க்கும் சூடுடையது.

றப்பரைக் கழற்றி உள்ளும் புறமும் பாருங்கள். வெடிப்பு, உப்பல், நூலிழை தெரிதல் ஆகியவற்றில் ஒன்று இருப்பினும் புதியதை வாங்குவதே சிக்கனம். நல்ல நிலையிலிருந்தால் பிறேக் கிளீனரால் நனைத்த சுத்தமான துணிகொண்டு றப்பரின் உட்புறத்தையும் உலோகத்தின் வெளிப்புறத்தையும் துடையுங்கள். துணியில் கறுப்பு ஒட்டாத வரையில் துடைத்து, முற்றாக உலரவிடுங்கள். இத்திராவகம் எளிதில் தீப்பற்றும். பீடி, சுருட்டுடன் அருகில் நிற்கலாகாது. எளிதாக நுழையட்டும் என்று கிறீஸ், எண்ணெய், சவர்க்காரம் ஆகியவற்றைத் தடவாதீர்கள். இன்று எளிதாக நுழைவது நாளை எளிதாகக் கழலும்.

உலோகத்தில் துருவோ பழைய றப்பர்த் துண்டோ இருந்தால் மெல்லிய மணற்கடதாசியால் தேய்த்து, துகள் உள்ளே விழாமல் துடைத்தெடுங்கள். மேட்டு வளையம் இல்லாத உலோகக் குழாயாயின் அதனைக் கழற்றி, கராஜில் முனையைச் சுற்றி வளையம் எழுப்பச் செய்து, உட்புறத்தைச் சுத்தம் செய்து பொருத்துங்கள்.

றப்பர் மேட்டு வளையத்தைத் தாண்டி நன்றாக உட்செல்ல வேண்டும். வளையத்துக்கு அப்பால் கிளிப்பின் முழு அகலமும் அமர இடமிருத்தல் அவசியம். கிளிப்பை வளையத்தின் மேல் வைக்கலாகாது. றப்பரின் ஓரத்தோடு ஒட்டியும் வைக்கலாகாது. வளையத்துக்கும் றப்பரின் ஓரத்துக்கும் நடுவில், ஓரத்திலிருந்து சுமார் 5 மில்லிமீற்றர் உள்ளே அமரட்டும். கொழுந்துப் பையின் வாயைக் கட்டும்போது கயிற்றை நுனியில் கட்டாது, மடிப்புக்குக் கீழே கட்டுகின்றோமல்லவா? அதே நியாயந்தான்.

துவாரமற்ற அகன்ற பட்டியும் போல்ட்டும் நட்டும் உடைய கிளிப் சிறந்தது. அதிலும் சுருள்வில் பொருத்திய வகை மேலானது. றப்பர் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது வில் அதனைத் தொடர்ந்து இறுக்கமாக வைத்திருக்கும். லொறித் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கே இறுக்குங்கள். பட்டிக்கு இருபுறமும் றப்பர் பிதுங்கினால் அளவு மிஞ்சிவிட்டது என அறிக.

பொருத்திய பின் பாரத்துடன் ஓர் ஏற்றம் ஏறி வாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகு கிளிப்பை மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். புதிய றப்பர் முதற் சூட்டில் சற்றுப் படிந்துவிடுவது இயல்பு. பின்னர் மாதமொரு முறை பார்த்தாற் போதும். பௌர்ணமி விடுமுறை தினத்தை அதற்கென ஒதுக்கினால் மறதி நேராது.

முன்னறிகுறிகள்

குழாய் எச்சரிக்கை தராமல் கழலுவது அரிது. ஏற்றத்தில் "உஸ்" என்ற சீறல், வழமையான கியரில் ஏறிய இடத்தில் ஒரு கியர் குறைக்க வேண்டி வருதல், கரும்புகை கூடுதல், டீசல் செலவு ஏறுதல், இணைப்பைச் சுற்றி எண்ணெய் கலந்த தூசி படிதல் ஆகியவை அறிகுறிகளாம். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் அன்று மாலையே பாருங்கள். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் தெரு வழுக்கும். டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலை யாத்திரிகரின் வாகனங்கள் தெருவை நிறைக்கும். இரு காலத்திலும் வளைவில் நின்ற லொறி பிறருக்கும் ஆபத்து.

வழியில் கழன்றுவிட்டால்

மிதித்து ஏற்ற முயலாதீர்கள். குழாய் கழன்ற எஞ்சின் அத்திறப்பின் வழியாக வடிகட்டாத வளியை இழுக்கும். தூசியும் சிறு கல்லும் உட்புகும். எதிர்ப்பு இல்லாத டேர்போவும் அளவு மீறிச் சுழலும். பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, கட்டை வைத்து, எஞ்சினை ஆறவிட்டு, துடைத்து மாட்டுங்கள். கம்பியால் சுற்றிக் கட்டும் வழக்கத்தை விடுங்கள். கம்பி றப்பரை அறுக்கும். ஒரு புதிய கிளிப், ஒரு ஸ்பானர், ஒரு துணி, ஒரு சிறு பிறேக் கிளீனர் ஆகியன லொறியில் எப்போதும் இருக்கட்டும்.

அதே வேளையில் கொழுந்தை மறவாதீர்கள். தொழிற்சாலைக்கு உடனே அறிவித்து வேறு லொறி கேளுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பைகளைப் பிரித்து, வாயை அவிழ்த்து, நிழலில் காற்றுப் பட வையுங்கள். பைகளின் மேல் ஏறி நிற்கவும் அமரவும் வேண்டாம். கைவிட்டுப் பார்த்துச் சூடு தெரிந்தால் அப்பையைத் தளர்த்திக் கிளறிவிடுங்கள். லொறி திருத்தப்படும் வரையில் கொழுந்தைக் காப்பதும் சாரதியின் கடமையே.

நண்பர்களே, மலையில் ஒரு நாள் முழுவதும் குனிந்து பறித்த கொழுந்தின் மதிப்பு, அது தொழிற்சாலையின் வாட்டும் தட்டை அடையும் வரையில் நிலையற்றது. ஒரு கிளிப்பின் விலையையும் அரை மணி நேர வேலையையும் அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முறுக்குவதற்கு முன் துடையுங்கள். துடைப்பதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். இதனை உங்கள் அயலிலுள்ள சாரதிகளுக்கும் எடுத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டு அமர்கின்றேன்.