கிறிஸ்துமஸ் அன்று தனியாக இருக்கப்போகும் பிள்ளைகளுக்கு

(நம் சங்கத்தின் டிசம்பர் மாதக் கூட்டத்தில் குடியிருப்பவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



வெளிநாட்டில் படிக்கும் நம் பிள்ளைகளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நம் பிளாக்குகளிலிருந்து பிரிட்டனுக்குப் போனவர்களில் சிலர் இந்த விடுமுறைக்கு வரப்போவதில்லை. டிசம்பர் மாத டிக்கெட் விலை உங்களுக்கே தெரியும். அவர்களும் நம் செய்திமடலை இணையத்தில் படிக்கிறார்கள் என்பதால் அவர்களைப் பார்த்தே பேசுகிறேன். பெற்றோருக்குக் கடைசியில் ஒரு சின்ன வேலை வைத்திருக்கிறேன். வேலை நிமித்தமாக லண்டனில் இரண்டு கிறிஸ்துமஸைத் தனியாகக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பிள்ளைகளே, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தீபாவளி அன்றுகூட இங்கே பஸ் ஓடும், முனைக்கடை திறந்திருக்கும். டிசம்பர் 25 அன்று லண்டனில் பஸ்ஸும் கிடையாது, சுரங்க ரயிலும் கிடையாது. நாடு முழுக்கவே ரயில்கள் ஓடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24ஆம் தேதி மாலையே ரயில்கள் குறைந்துவிடும். 26ஆம் தேதியும் பெரும்பாலான ரயில் தடங்கள் இயங்காது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக்கூடாது என்று 2004இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். நம் ஃப்ளாட் மூன்றைச் சேர்த்தால் அந்த அளவு வரும். அதைவிடச் சிறிய கடை ஏதாவது திறந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஆகவே பால், ரொட்டி, காய்கறி, காய்ச்சல் மாத்திரை எல்லாவற்றையும் 23ஆம் தேதிக்குள் வாங்கி வைத்துவிடுங்கள். பல்கலைக்கழகமோ பக்கத்துத் தேவாலயமோ விடுதியில் தங்கியிருப்பவர்களுக்கு மதிய விருந்து வைக்கிறதா என்று விசாரியுங்கள். முன்கூட்டியே பெயர் கொடுக்கச் சொல்வார்கள். நடந்து போகும் தூரமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அன்று பஸ் இல்லை.

அடுத்தது சாப்பாடு. தனி ஆள்தானே என்று நூடுல்ஸோடு முடித்துக்கொள்ளாதீர்கள். சமைப்பதில் இரண்டு மணி நேரம் நன்றாகவே கழியும். முழு வான்கோழியெல்லாம் வேண்டாம். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு இரண்டு கோழித்தொடை போதும். உருளைக்கிழங்கை ஓரம் குழையும்வரை வேகவைத்து, நீரை வடித்து, பாத்திரத்தோடு குலுக்குங்கள். ஓவனில் 200 டிகிரியில் சூடாக்கிய எண்ணெய்த் தட்டில் போட்டு முக்கால் மணி நேரம் விட்டால் மொறுமொறுவென்று வரும். அவர்கள் விருந்தில் தவறாமல் இடம்பெறும் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் பார்க்கக் குட்டி முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும். நறுக்கிக் கடுகு, உளுத்தம்பருப்பு, தேங்காய் போட்டுப் பொரியல் செய்யலாம். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் புகை அலாரம் அடித்து, விடுதியில் மிச்சமிருக்கும் நாலு பேரும் குளிரில் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இனிப்பு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 'மின்ஸ் பை' என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இப்போது அதற்குள் இறைச்சி கிடையாது, உலர்திராட்சையும் ஆப்பிளும் மசாலாவும்தான். ஆனால் அதிலும் கிறிஸ்துமஸ் புட்டிங்கிலும் 'சூயட்' சேர்ப்பது பழைய வழக்கம். அது மாட்டுக்கொழுப்பு. தாவரக் கொழுப்பில் செய்ததும் இப்போது கிடைக்கிறது. சைவர்கள் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். புட்டிங்கில் பிராந்தியும் இருக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காலையும் மதியமும் எப்படியோ ஓடிவிடும். லண்டனில் அன்று மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அப்போது இங்கே இரவு ஒன்பதரை. அம்மா அப்பா "சரிப்பா, படுக்கிறோம்" என்று போனை வைக்கும் நேரத்தில்தான் உங்களுக்கு நீண்ட இருட்டு ஆரம்பிக்கிறது. நீங்கள் தூங்க இன்னும் ஆறேழு மணி நேரம் இருக்கும். மனம் கனப்பது அப்போதுதான். அதனால் படங்களைக் காலையிலேயே பார்த்துத் தீர்த்துவிடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் வெளியே நடந்துவிட்டு வாருங்கள், படங்களை இருட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன பார்க்கலாம்? 1982இல் வந்த 'த ஸ்னோமேன்' 26 நிமிடக் கார்ட்டூன் படம். கதைக்குள் பேச்சே இல்லை, இங்கே பாட்டிக்கும் புரியும். 'ஹோம் அலோன்' பலரும் பார்த்ததுதான். வீட்டில் தனியாக விடப்பட்ட எட்டு வயதுப் பையனின் கதையை அன்று பார்த்தால் சிரிப்பு கொஞ்சம் கூடுதலாகவே வரும். 1946இல் வந்த 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' வேறு வகை. தான் பிறந்ததே வீண் என்று கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு பாலத்தில் வந்து நிற்கும் ஒருவனுக்கு, அவன் பிறக்காமலிருந்தால் அந்த ஊர் என்ன ஆகியிருக்கும் என்று காட்டுகிறது. வந்த புதிதில் வசூலில் ஏமாற்றிய படம், பிறகு அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஆண்டுதோறும் ஓடியே புகழ்பெற்றது. நல்ல படம்தான், ஆனால் முதல் பாதி கனமானது. மனம் சரியில்லாத நாளில் இதைத் தனியாகப் பார்க்க வேண்டாம். யாராவது கூட இருந்தால் பாருங்கள்.

மனம் மிகவும் சோர்ந்தால் அங்கே 116 123 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு அமைப்பு நடத்துவது. இலவசம், 24 மணி நேரமும், கிறிஸ்துமஸ் அன்றும் ஆள் எடுப்பார்கள். பேசுவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை.

இனி பெற்றோருக்கு. "தனியாவா இருக்கே? ஐயோ பாவம்!" என்று ஆரம்பிக்காதீர்கள். "என்ன சமைச்சே, காட்டு" என்று கேளுங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளையோடு சேர்ந்து ஒரே படத்தைப் போடுங்கள், அங்கே மூன்றரை ஆகியிருக்கும். இங்கே கிடைக்கும் படம் அங்கே கிடைக்காமல் போகலாம், அதை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ அழைப்பைப் பக்கத்தில் ஓடவிட்டால் போதும், நடுநடுவே பேசிக்கொண்டே பார்க்கலாம். படம் முடிய பதினொன்று ஆகும். மறுநாள் வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ, எதுவாக இருந்தாலும் அந்த ஒரு ராத்திரி மட்டும் சீக்கிரம் படுக்காதீர்கள்.