மாதம் தெரியும், தேதி தெரியாது!

(மரக்காணத்தில் இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"திட்டம் போட்டு என்ன ஹஜ்ரத் பிரயோஜனம்? நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்?" நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர் குரலில் விரக்தி இருக்கிறது. அந்த விரக்திக்குக் காரணமும் இருக்கிறது. 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு, கல்லாவில் இருந்த ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. 2020 மார்ச் 24 இரவு, நாட்டையே 21 நாள் பூட்டப் போவதாகச் சொன்னார்கள். அது 21 நாளோடு நின்றதா? இத்தனையையும் பார்த்த ஒரு சிறு வியாபாரி, "இந்த மாதம் இவ்வளவு சேமிப்பேன், இந்த வருடம் இந்தக் கடனை அடைப்பேன்" என்று எழுதி வைக்கத் தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

ஆனால் சகோதரர்களே, நாம் உட்கார்ந்திருக்கும் ஊர் எது என்று சற்று சிந்தித்துப் பாருங்கள். இது மரக்காணம். நிச்சயமில்லாத காலத்தில் எப்படி வேலை செய்வது என்பதற்கு வெளியூரிலிருந்து ஆள் வந்து பாடம் நடத்த வேண்டிய ஊரா இது? ஊருக்கு வெளியே போய் உப்பளத்தைப் பாருங்கள். திறந்த வானத்தின் கீழ் செய்யும் தொழில் அது. ஒரு மணி நேர மழை போதும், விளைந்த உப்பு தண்ணீராகிவிடும். அப்படியிருந்தும் ஒவ்வொரு ஆண்டும் தை, மாசியில் பாத்தியை மிதித்துச் சமப்படுத்தி வேலையைத் தொடங்குகிறார்களே, எந்தத் தைரியத்தில்?

வானம் முழுக்கத் தெரியாததல்ல

'தானே' புயல் கரை கடந்தது 2011 டிசம்பர் 30. 'நிவர்' வந்தது 2020 நவம்பர் 25 இரவு. 'ஃபெஞ்சல்' 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, புதுவையில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மூன்றும் நம் கரையை ஒட்டி வந்தவை. மூன்றும் கார்த்திகை, மார்கழியில் வந்தவை. (2004 டிசம்பர் 26 சுனாமியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்கு மாதம் கிடையாது.)

ஆக, புயல் வரும் தேதி நமக்குத் தெரியாது. மாதம் தெரியும்! ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் பாத்தியில் வேலை கிடையாது என்பது நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால், ஐப்பசி பிறந்ததும் முதலாளியிடம் முன்பணத்துக்கு நிற்பதும், வாரத் தவணைக் குழுக்கடனில் பெயர் கொடுப்பதும், வட்டிக்காரன் வாசலை மிதிப்பதும் எதிர்பாராமல் வந்த சோதனையா? அந்த முன்பணம் வாங்கிய கை, அடுத்த ஆண்டு கூலி பேசும்போது மேலே எழும்புமா? உப்பளத் தொழிலாளியின் கழுத்தில் கயிறு விழுவது மழைக்காலத்தில்தான். அவருக்குப் பற்று எழுதிக் கொடுக்கும் மளிகைக்கடைக்காரரின் கழுத்திலும் அதே கயிறுதான். அவர் பாண்டிச்சேரி, திண்டிவனம் மொத்த வியாபாரிக்குப் பாக்கி வைக்க வேண்டியிருக்கிறதே!

தெரியாததை நினைத்துக் கலங்கி, தெரிந்ததற்கும் தயாராகாமல் இருந்துவிடுகிறோம். என் பேச்சு இதைப் பற்றித்தான்.

யூசுஃப் நபியின் வரலாறு உங்களுக்குத் தெரியும். ஏழு ஆண்டு செழிப்பு, ஏழு ஆண்டு பஞ்சம். செழிப்பான ஆண்டுகளில் உண்பதற்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மீதியைக் கதிரோடு விட்டுவைக்கச் சொன்னார்கள். வரப்போவதை அறிந்த பிறகு அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை, களஞ்சியத்துக்கு வழி சொன்னார்கள். நமக்கு ஏழு ஆண்டுப் பஞ்சமில்லை, மூன்று மாதம்தான். அதற்குக் கூட நம்மிடம் களஞ்சியம் இல்லையே!

ஒரு கணக்குப் போடுவோம்

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்துக்கு மழைக்காலத்தில் மாதம் 9,000 ரூபாய் இருந்தால் கடன் வாங்காமல் ஓட்டிவிடலாம். மூன்று மாதத்துக்கு 27,000. இதைக் கேட்டதும் மலைப்பாக இருக்கிறது. "எங்கே ஹஜ்ரத் போவது?" என்று எழுந்து போய்விடத் தோன்றும். போகாதீர்கள். வேலையுள்ள மாதம் ஒன்பது. 27,000ஐ ஒன்பதால் வகுத்தால் மாதம் 3,000. மாதத்தில் 26 நாள் வேலை என்றால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 115 ரூபாய்.

இது எல்லோருக்கும் தெரிந்த வகுத்தல் கணக்கு. இதற்குப் பிறகுதான் நாம் தவறுகிறோம். "மாதம் 3,000" என்று நோட்டில் எழுதுகிறோம். சித்திரையில் கோடை மழை பெய்து எட்டு நாள் வேலை போய்விடுகிறது. மாதக் கடைசியில் 3,000 சேரவில்லை. "பார்த்தாயா, திட்டமெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று நோட்டையே மூடிவிடுகிறோம். சேர்ந்திருந்ததும் செலவாகிறது.

இலக்கை வேறு விதமாக எழுதுங்கள். "வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் 115 எடுத்து வைப்பேன்." அந்தச் சித்திரையில் வேலை கிடைத்தது 18 நாள். பதினெட்டு முறை 115 எடுத்து வைத்தால் 2,070. நீங்கள் தோற்கவில்லை. உங்கள் கையில் இருந்ததை முழுக்கச் செய்துவிட்டீர்கள். குறைவது 930. இன்னும் ஐந்து மாதம் வேலை இருக்கிறது என்றால் மாதத்துக்கு 186, நாளுக்கு ஏறத்தாழ ஏழு ரூபாய் கூடுதல். 115 என்பது 122 ஆகிறது, அவ்வளவுதான். ஒரு டீயை விட்டால் மிச்சமாகும் தொகை. (டீயை விடச் சொன்னதும் பின்வரிசையில் சலசலப்பு கேட்கிறது. பீடியை விட்டாலும் சரிதான்!)

மழை எத்தனை நாள் பெய்யும் என்பது உங்கள் கையில் இல்லை. வேலை நடந்த நாளில் எடுத்து வைப்பது உங்கள் கையில் இருக்கிறது. இலக்கு எதன் மேல் நிற்க வேண்டும்?

இந்தக் கணக்கை வீட்டில் மறைக்காதீர்கள். தலைச்சுமையாக உப்புச் சுமப்பதில் பெண்களின் பங்கு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். அடுப்பில் என்ன வேகும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். மனைவிக்குத் தெரியாமல் போட்ட திட்டம் ஒரு வாரம் கூட நிற்காது.

மழைக்காலத்துக்கு அரசாங்கம் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று 2022இல் கொடுக்கத் தொடங்கியது. அது உரிமை, விட்டுவிடக் கூடாது. ஆனால் நம் 27,000இல் அது ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. அதை நம்பி உட்கார முடியாது. அதற்கான காகிதங்களை ஆடி, ஆவணியிலேயே சரிபார்த்து வைப்பதையும் அந்த மாதத்து இலக்கில் எழுதுங்கள். மழை தொடங்கிய பின் அலுவலக வாசலில் கூட்டத்தோடு நிற்காதீர்கள்.

பாத்தி பாத்தியாக

உப்பு ஒரே பாத்தியில் விளைவதில்லை. கடல் நீரை நேராக உப்புப் பாத்தியில் விட்டு எந்த உப்பளக்காரரும் காத்திருப்பதில்லை. முதலில் தேக்கம், அடுத்து நீரைச் சுண்டவைக்கும் பாத்திகள், கடைசியில்தான் உப்பு வாரும் பாத்தி. கருவி வைத்துப் பார்த்தால் கடல் நீர் சுமார் மூன்று டிகிரி. பாத்தி பாத்தியாக மாறி, பத்துக் குடம் ஒரு குடமாகச் சுண்டி, 25 டிகிரிக்கு வந்ததும் உப்பு பூக்கிறது. அதற்காக 30 டிகிரியைத் தாண்டவும் விடக்கூடாது. கசப்பு இறங்கிவிடும். அந்த நீரை வெளியேற்ற வேண்டும். பேராசை பிடித்து நேரம் தாண்டிக் காத்திருந்தால் உப்பே கெட்டுப்போகும் என்று வியாபாரிகளுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

மழை பெய்தால் இத்தனையும் வீணா? பெருமழை என்றால் வீண்தான். நான் பொய் சொல்லப் போவதில்லை. சிறு மழை என்றால் அனுபவசாலி என்ன செய்கிறார்? மழை நீர் லேசானது, மேலே மிதக்கும். கெட்டியான உப்பு நீர் அடியில் நிற்கும். கலங்குவதற்கு முன் மேல் தண்ணீரை வடித்துவிட்டால், அடியில் பல நாள் வெயிலின் உழைப்பு அப்படியே மிஞ்சும். இளைஞர்களே! உங்கள் மாதம் கெட்டுப்போனால் முதலில் மேல் தண்ணீரை வடியுங்கள். எது போயிற்று, எது இன்னும் நிற்கிறது என்று பிரித்துப் பாருங்கள். ஒரு வாரம் தவறிவிட்டது என்று முழு மாதத்தையும் திறந்துவிடாதீர்கள்.

உப்பு என்றதும் இன்னொரு பயணமும் நினைவுக்கு வருகிறது. 1930இல் ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். ஏப்ரல் 13 புறப்பட்டு 28ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். சுமார் 150 மைல், நாளுக்குப் பத்து மைல் வீதம். அன்றைய தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன், இவர்களுக்குச் சோறு போடுகிறவனும் தங்க இடம் தருகிறவனும் சிறைக்குப் போவான் என்று எச்சரித்தார். இன்று இரவு யார் வீட்டில் சாப்பாடு என்பது தெரியாது. ஆனால் நாளைக்கு எத்தனை மைல் என்பது தெரியும்! சோற்றுக்கு ஏற்பாடு ஊருக்கு ஊர் மாறியது. மரக்கிளையில் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டித் தொங்கவிட்டு, யார் போட்டது என்றே தெரியாமல் மக்கள் உதவினார்கள். வேதாரண்யத்தை மட்டும் நினைத்து மலைத்திருந்தால் தஞ்சாவூரைக்கூட அவர்கள் தாண்டியிருக்க மாட்டார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே!

விசா வரட்டும் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எத்தனை மாதம் போயிற்று? விசா வருவது ஏஜெண்டின் கையிலும், கடல் கடந்த ஒரு கம்பெனியின் கையிலும் இருக்கிறது. கனரக ஓட்டுநர் உரிமம் எடுப்பது யார் கையில்? ஏ.சி. பழுது பார்ப்பதோ மின்சார வேலையோ கற்றுக்கொள்வது யார் கையில்? விசா வந்தால் அந்தக் கைத்தொழில் சம்பளத்தைக் கூட்டும். வராவிட்டாலும் இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கும் விடுதிகளில் வேலைக்கு ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அரசுத் தேர்வு எழுதும் தம்பிகளுக்கும் இதேதான். தேர்வு அறிவிப்பு தள்ளிப்போகும், முடிவு தாமதமாகும். "குரூப் 4 பாஸாவேன்" என்பது மாத இலக்காகாது. "இந்த மாதம் கணக்குப் பாடத்தில் இந்த நான்கு பகுதி, வாரத்துக்கு ஒன்று, வெள்ளிக்கிழமை இரவு பழைய வினாத்தாள்" என்பதுதான் மாத இலக்கு. நான்கில் மூன்று முடிந்தால் மிஞ்சியது அடுத்த மாதத்தின் முதல் வாரத்துக்குப் போகட்டும். புதிதாக நான்கை அதன் தலையில் ஏற்றாதீர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் சிலர் "இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்" என்பார்கள். நாளை இதைச் செய்வேன் என்று சொல்லும்போது அல்லாஹ்வின் நாட்டத்தோடு சேர்த்துச் சொல்லத்தான் நமக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறது. 'செய்வேன்' என்று ஒன்று இருந்தால்தானே அதோடு சேர்க்க முடியும்? செய்யும் எண்ணமே இல்லாத காரியத்துக்கு அந்த வார்த்தையைத் திரையாகப் போடுவது என்ன நியாயம்?

வியாபாரிகளுக்கு ஒரு தனிச் செய்தி

ஜவுளி, செருப்பு, மளிகை வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். 2024இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 11. 2025இல் மார்ச் 31. பிறைக் கணக்கில் ஆண்டு பத்துப் பதினோரு நாள் குறைவு. அதனால் பெருநாள் ஒவ்வொரு ஆண்டும் முன்னே நகர்கிறது. 2030இல் ரமளான் இரண்டு முறை தொடங்கும், ஜனவரியில் ஒன்று, டிசம்பர் இறுதியில் ஒன்று! இதன் பொருள் என்ன? உப்பளத்தில் கூலி ஓடுகிற காலத்தில் வந்த பெருநாள், இனி கை வறண்ட காலத்தை நோக்கிப் போகிறது. மார்கழி மழை முடிந்து பாத்தி இன்னும் காயாத நேரத்தில், யார் ரொக்கம் கொடுத்துத் துணி எடுப்பார்? பற்றுக்குத்தான் கேட்பார்கள். நீங்கள் கடன் வாங்கிச் சரக்குப் போட்டிருப்பீர்கள்.

இது புயல் அல்ல, திடீரென்று வருவதற்கு. இன்றே தெரிகிறது. ஆகவே இப்போதிருந்தே, பங்குனி முதல் ஆவணி வரை வாடிக்கையாளரிடம் மாதம் ஒரு தொகை வாங்கி, பெருநாள் துணிக்கு வரவு வைத்துக்கொள்ளும் நோட்டு ஒன்று திறங்கள். வட்டியும் இல்லை, குலுக்கலும் இல்லை. வாங்கிய பணத்தை உங்கள் கல்லாவோடு கலக்காதீர்கள், அது அமானிதம். பற்று வசூலுக்கும் இதே முறைதான். "இந்த மாதம் 20,000 வசூலிப்பேன்" என்று எழுதாதீர்கள். "தினம் மூன்று வீட்டுக் கணக்கை உட்கார்ந்து பேசி முடிப்பேன்" என்று எழுதுங்கள். கொடுப்பது அவர் கையில், போய்ப் பேசுவது உங்கள் கையில்.

பிறைக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. வரும் மாதம் 29 நாளா 30 நாளா என்பது கூட இன்று தெரியாது. அதனால் 29 நாளுக்கே கணக்கை எழுதுங்கள். முப்பதாவது நாள் கிடைத்தால் லாபம். எழுதத் தயங்குகிறவர்கள் இன்று இஷா தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் உட்காருங்கள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் வகுத்துப் பெருக்கி எழுதித் தருவார்கள். நோட்டு மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.