எந்த நாட்டுப் பிள்ளை?

(தேன்கனிக்கோட்டையில் நடைபெற்ற உபகாரிகள் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



நம் ஊரில் சீட்டு வாங்கும் வரிசையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒன்றாய் நிற்கும். ஆனேக்கல் பக்கத்திலிருந்து வருகிறவரை யாரும் தடுப்பதில்லை. எல்லை என்றால் நமக்கு ஒரு சோதனைச் சாவடி, அவ்வளவுதான். ஆனால் எந்த நாடும் தன் பிள்ளை என்று சொல்லாதவர்கள் நம் மாவட்டத்து முகாம்களில் இருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு பெண்கள் வார்டில் ஒரு தாயாரைச் சந்தித்தேன். அட்டன் அருகே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பாட்டனார் சேலம் ஜில்லாவிலிருந்து பிழைக்கப் போனவர். 1948-ல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் லட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கிற்று. 1964-ல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் அவர்களைப் பங்கு போட்டது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். ஆடுமாடு பிரிப்பதுபோல என்று சொன்னால் என்மேல் வருத்தப்படாதீர்கள். இந்தக் குடும்பத்துக்கு ஒரு தாளும் வந்து சேருமுன் கலவரம் வந்தது. 1984-ல் படகேறி வந்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் 1985-ல் இங்கே பிறந்தவள். அகதி அட்டை அவளை இலங்கையர் என்கிறது. இலங்கையில் அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குத் தேர்வாகியும், குடியுரிமைத் தாள் கேட்டதால் திரும்பி வந்தாளாம். “ஐயா, என் பிள்ளைகளும் இப்படியே இருக்கணுமா?” என்றாள்.

நான் வேதசாஸ்திரம் படித்தவன், சட்டம் படித்தவனல்ல. ஆனாலும் விசாரித்தேன். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர், அந்நிய நாட்டுத் தூதரின் பிள்ளைகள் போன்ற சிலர் நீங்கலாக, பெற்றோர் யாராயினும் 1955-ம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பால் இந்தியரே. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார்.

தாயாருக்கு வழி வேறு. 2019-ல் திருத்திய குடியுரிமைச் சட்டத்தில் இலங்கை சேரவில்லை. இந்தியாவுக்கு அகதியாய் வந்த மலையகத் தமிழரும் குடியுரிமை பெற இலங்கை தன் சட்டத்தை 2009-ல் திருத்தியது. “அங்கே போய் யாரிடம் இருப்பேன்?” என்கிறார் அவர். பேரப்பிள்ளைகள் காரியம் இன்னும் சிக்கல். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராயிருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது.

மகளின் பிறப்போ பதிவாகவே இல்லை. ஓராண்டு தாண்டிய பிறப்பைப் பதிய மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அதற்கு அத்தாட்சி வேண்டும். அவள் பிறந்தது கடலோர மாவட்டத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். அங்கே கடிதம் எழுதினேன். இரண்டு மாதம் பதிலில்லை. பிறகு ஒரு நகல் வந்தது: கரையான் அரித்த பிரசவப் பதிவேட்டின் ஒரு பக்கம். தாயின் பெயர், தேதி, பெண் குழந்தை, எடை ஐந்தே கால் பவுண்டு. அதை வைத்து மனுப் போட்டிருக்கிறாள். இன்னும் உத்தரவு வரவில்லை.

நம் பழைய பதிவேடுகளும் மாடி அறையில்தான் கிடந்தன. போன வாரம் அவற்றை இறக்கித் துடைத்து, இரும்பு பீரோவில் வைத்தோம்.