யார் ஆண்டாலும் கேட்க வேண்டிய கணக்கு

(ஞாயிறு வகுப்பொன்றின் நிறைவில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கவிதை எழுதுறவன். வயித்துப்பாட்டுக்கு வங்கியில் எழுத்தர். "பட்ஜெட்டப் பத்திப் பேச கவிஞன் எதுக்குப்பா?" என்று வாசல்ல நின்ன பெரியப்பா கேட்டாரு. நியாயமான கேள்வி. வங்கியில சாயங்காலம் கேஷ் டாலி ஆகலேன்னா வீட்டுக்குப் போக முடியாது. பத்து ரூபா குறைஞ்சாலும் உட்கார்ந்து தேடணும். எந்தக் கவுண்டர்ல குறைஞ்சதுன்னு பார்ப்பாங்களே தவிர, அங்க உட்கார்ந்தவர் எந்தச் சங்கம்னு பார்க்க மாட்டாங்க. இந்த ஒழுங்கை நம் அரசியலுக்குள் கொண்டுவர முடியுமா? இதுதான் என் பேச்சு.

பி.எஸ். கிருஷ்ணன் என்ற அதிகாரியின் முயற்சியில் 1979-80இல் சிறப்பு உட்கூறுத் திட்டம் வந்தது. மக்கள்தொகையில் நாம் எத்தனை பங்கோ, திட்ட நிதியில் அத்தனை பங்கு நமக்கென்று ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி 100க்கு 20 பேர் நாம். அந்தப் பணத்தை அடையாளம் காண வரவுசெலவுப் புத்தகத்தில் 789 என்று ஒரு சிறு தலைப்பு எண் உண்டு. அந்த எண்ணைத் தேடுவதுதான் நம்ம வகுப்போட முதல் பாடம். 789 என்பது வெறும் எண் இல்லை. ஒழுகுற விடுதிக் கூரை அது. பாதியில் நின்னுபோன ஒரு பிள்ளையின் படிப்பு அது.

தேடினால் என்ன கிடைத்தது? டெல்லியில் காங்கிரஸ் ஆட்சி. காமன்வெல்த் விளையாட்டுக்காக இந்த நிதியில் 600 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பப்பட்டதை 2010இல் உள்துறை அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மத்தியப் பிரதேசத்தில் பாரதிய ஜனதா ஆட்சி. பசு நலனுக்கும் கோயில் சார்ந்த வேலைகளுக்கும் நம் பணம் போவதாக 2024இல் செய்தி வந்தது. கர்நாடகத்தில் மறுபடி காங்கிரஸ். தலித், பழங்குடி மக்களுக்கென 2023-24இல் ஒதுக்கிய சுமார் 34,000 கோடியில் 11,000 கோடிக்கு மேல் பொதுவான உத்தரவாதத் திட்டங்களுக்குப் போனது.

இந்த வகுப்பில் சூரியன் வீட்டுப் பிள்ளையும் இருக்கு, இலை வீட்டுப் பிள்ளையும் இருக்கு, சிறுத்தையும் செங்கொடியும் இருக்கு, ஒரு தாமரைத் தம்பியும் இருக்கான். முதல் வாரம் அடிதடிதான். "உங்காளு தின்னான்", "உங்காளு மட்டும் யோக்கியமா?" அவனவனுக்கு அடுத்தவன் திருட்டுதான் கண்ணுக்குத் தெரிஞ்சது.

நான் மட்டும் என்ன உசத்தி? கர்நாடகக் கணக்கு வந்தப்போ, "இலவச பஸ்ல நம்ம பொம்பளைங்களும்தானே போறாங்க?" என்று வாதாடினேன். செங்கொடி வீட்டுத் தங்கச்சி எழுந்தா. "அண்ணே, இதையே தாமரை ஆட்சி செஞ்சிருந்தா இப்படித்தான் பேசுவீங்களா?" எனக்கு நாக்கு எழவில்லை.

அன்னைக்குத்தான் கரும்பலகையில் மூணு பத்தி பிரிச்சோம். ஒண்ணு, உள்ளது: எந்தத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது. ரெண்டு, கணிப்பு: அந்தப் பணம் இருந்திருந்தால் எத்தனை விடுதி எழும்பியிருக்கும். மூணு, வேண்டுவது: எல்லாக் குடிமக்களுக்கும் தரும் பஸ் பயணத்துக்குப் பொதுப்பணத்தில் நமக்குப் பங்கில்லையா? பள்ளத்தைத் தூர்க்கவென்று வைத்த பணத்திலா அதை எடுப்பது? மூணாவது பத்தியில் கட்சிகள் மோதட்டும். மோதத்தான் வேண்டும். முதல் பத்தியில் யாரும் கை வைக்கக் கூடாது.

அடுத்து, இடம் மாத்தி உட்கார வெச்சோம். ஆளுங்கட்சி வீட்டுப் பிள்ளை எதிர்ப்பை எழுதணும். எதிர்க்கட்சிப் பிள்ளை ஆதரிச்சு எழுதணும். எதிராளியே படிச்சிட்டு "ஆமா, நான் சொல்றது இதுதான்" என்று ஒத்துக்கிற மாதிரி எழுதணும்.

'அப்போ நடுநிலையா இருக்கச் சொல்றியா?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. இந்த நாட்டில் நடுநிலை என்பது ஊர்ப் பக்கம் சாய்ந்த தராசு. நான் சேரிப் பக்கம். அதை மறைக்கவில்லை. ஆனால் என் பக்கத்துக்காகக் கணக்கைத் திருத்தினால் நாளைக்கு என் கணக்கை எவன் நம்புவான்?

அம்பேத்கரைப் பாருங்கள். 1925இல் மாகாண நிதி பற்றி நூல் வெளியிட்டவர். காங்கிரசைக் கடுமையாக எதிர்த்தவர், 1947இல் அதே காங்கிரஸ் தலைமையிலான அமைச்சரவையில் சட்ட அமைச்சராக உட்கார்ந்தார். 1951இல் இந்துச் சட்ட மசோதா முடங்கியபோது பதவியைத் தூக்கி எறிந்தார். மாற்றுக் கருத்துக்காரரோடு ஒரே மேசையில் வேலை செய்யலாம். கொள்கையை மேசைக்கு அடியில் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலும் 2024இல் இந்த நிதிக்கென்று சட்டம் நிறைவேறியிருக்கு. சந்தோஷம். ஆனா சட்டம் தானா புத்தகத்தைப் புரட்டிப் பார்க்காது. நாமதான் புரட்டணும்.

அடுத்த ஞாயிறுக்கு வீட்டுப்பாடம்: ஆளுக்கு ஒரு மாநிலம். உங்களுக்குப் பிடிச்ச கட்சி எங்கே ஆளுதோ, ஆண்டதோ, அந்தக் கணக்கை முதல்ல எடுத்துட்டு வாங்க. நானும் எடுத்துட்டு வர்றேன்.